பீரியட்ஸ் நிண்டது பிட் ஆனதுக்கு அடையாளமில்லை, தங்கச்சி

இந்தமுறை திருகோணமலையில இருந்தே ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. ஆள் ஆரெண்டு தெரியாம இருக்க சில விசயங்களை மாத்தித்தான் இதில போடுறன்.

அவவுக்கு 36 வயசு, பள்ளிக்கூடத்தில கணக்கு டீச்சர், உப்புவெளிப் பக்கம் வீடு, ஆறு வயசில ஒரு மகன். மனுசனுக்குக் கொழும்பில வேலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து போவார், வீட்டில அம்மாவும் கூட இருக்கிறா. ரெண்டு வருசத்துக்கு முதல் பின்னேரத்தில கடற்கரையில நடக்கத் தொடங்கினவ, நடை ஓட்டமாகி, பிறகு ஒரு பழைய ரேசிங் சைக்கிள் வாங்கி, இப்ப இன்னும் ஏழு மாசத்தில கோவாவில நடக்கப்போற 70.3 ட்ரையத்லனுக்குப் பேர் குடுத்துக் காசும் கட்டியிட்டா. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. மூண்டையும் மைலில கூட்டினா 70.3 வரும், அதுதான் அந்தப் பேர். அதை முடிச்சா அடுத்த வருசம் லங்காவியில முழு அயர்ன்மேன், அதாவது 3.8, 180, 42.2, அதுதான் ஆசையாம்.

கேள்வி நாலு கேட்டிருக்கிறா. எட்டு மாசத்தில 58 கிலோவில இருந்து 50க்கு வந்திட்டன், ஓட்டத்தில இன்னும் வேகம் வர மூண்டு கிலோ குறைக்கலாமா? இடது காலில முழங்காலுக்குக் கீழ முன் எலும்பில ஒரு இடம் நோகுது, டைக்ளோபெனாக் போட்டாத்தான் ஓடலாம், வேற நல்ல மாத்திரை இருக்கோ? ரேஸ் அண்டைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கவேணும்? கடலுக்குள்ள இறங்குறதெண்டாலே அம்மா அழுகிறா, அவவை எப்பிடிச் சமாளிக்கிறது?

இதுக்கிடையில ஒரு வரி, கேள்வியாக்கூட இல்லாம, சும்மா போற போக்கில எழுதின மாதிரி: "அஞ்சு மாசமா பீரியட்ஸும் வாறேல்ல, நல்லா ட்ரெயினிங் செய்யிற பொம்பிளையளுக்கு அப்பிடித்தான் வரும், பிட் ஆகிட்டீங்கள் எண்டு கோச் சொன்னவர், எனக்கும் ஒரு வகையில நிம்மதிதான்."

தங்கச்சி, உங்கட நாலு கேள்விக்கும் பதில் சொல்லுவன், ஆனா அந்த ஒரு வரியில இருந்துதான் தொடங்கவேணும், ஏனெண்டா மற்ற எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. கோச் சொன்னது பிழை. வேணுமெண்டு சொல்லியிருக்கமாட்டார், விளையாட்டுப் பக்கத்தில கனகாலமா அப்பிடித்தான் கதைச்சுக்கொண்டு வந்தவை, டொக்டர்மார் கூட ஒரு காலத்தில அதைப் பெரிசா எடுக்கேல்ல. இப்ப விசயம் தெளிவு. ஒழுங்கா வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் மூண்டு மாசம் தொடர்ந்து வராட்டி அதைக் கட்டாயம் பார்க்கவேணும், ஓடுற பொம்பிளையெண்டாலும் சரி, ஓடாத பொம்பிளையெண்டாலும் சரி. உங்களுக்கு அஞ்சு மாசம்.

முதல் வேலை, நாளைக்குக் காலமையே பாமசியில ஒரு பிரெக்னன்சி டெஸ்ட் வாங்கிப் பாருங்கோ. அவர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வாறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதால இதைக் கேக்காம நான் அடுத்த வசனம் எழுத ஏலாது. அது இல்லையெண்டா தைரொயிட், புரோலக்டின் எண்ட ஹோர்மோன், சூலகப் பிரச்சினை எண்டு வேற காரணங்களும் இருக்கு, ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் ஒவ்வொண்டா விலக்கலாம். ஆனா எட்டு மாசத்தில எட்டுக் கிலோ இறங்கினது, எலும்பு நோவு, எப்பவும் கைகால் குளிருது, இரவில நித்திரை முறியுது, பிள்ளையோட சும்மா சும்மா எரிஞ்சு விழுறன் எண்டு நீங்களே எழுதினது, எல்லாத்தையும் சேர்த்து வாசிக்கேக்க எனக்கு முதல்ல தோன்றுறது ஒண்டுதான், உங்கட உடம்புக்குச் சாப்பாடு காணாது.

கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கு

நீங்கள் உங்கட ஒருநாள் சாப்பாட்டை வடிவா எழுதியிருக்கிறீங்கள், அதுக்கு நன்றி, கனபேர் எழுதுறேல்ல. விடியப்பறம் நாலரைக்கு ஒரு பிளேன்டீ, மூண்டு மேரி பிஸ்கட், அதோட ஒண்டரை மணித்தியாலம் சைக்கிளோ ஓட்டமோ. இன்டர்வலுக்கு ஒரு வாழைப்பழம். ரெண்டரைக்கு வீட்டை வந்து சோறு, மீன், ஒரு மரக்கறி. இரவில சோறு விட்டிட்டன், மூண்டு இடியப்பமும் சொதியும். இது மெத்தக் கூட்டிப் பார்த்தாலும் 1500 கலோரி அளவுதான் வரும்.

இப்ப செலவைப் பாருங்கோ. 50 கிலோவில கொழுப்பு ஒரு 10 கிலோ எண்டு வைப்பம், மிச்சம் 40 கிலோ தசை, எலும்பு, உறுப்புகள். அந்த 40இல ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கலோரி அளவு இருந்தாத்தான் இதயம், மூளை, சூலகம், எலும்பு எல்லாம் குறையில்லாம நடக்கும், அது 1800. உங்கட காலமை ட்ரெயினிங் ஒரு 550 எடுக்கும். ரெண்டையும் கூட்டினா 2350. நீங்கள் சாப்பிடுறது 1500, அதில ட்ரெயினிங்குக்கு 550 போனா உடம்புக்கு மிஞ்சுறது 950, 40ஆல பிரிச்சா கிலோவுக்கு 24 கூட வராது. முப்பதுக்குக் கீழ போனா ஹோர்மோன்கள் குழம்பத் தொடங்குறதை ஆராய்ச்சிகளில கண்டிருக்கினம். எல்லாருக்கும் ஒரே கோடு இல்லை, ஒருத்தருக்கு முன்னமே குழம்பும், ஒருத்தருக்குப் பிந்தும், ஆனா 24 எண்டது ஆருக்கும் காணாது.

காணாட்டி உடம்பு என்ன செய்யும்? வருமானம் குறைஞ்ச வீட்டில நாங்கள் கரண்ட் பில்லையும் அரிசியையும் முதல்ல பார்த்து, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறதைப் பிறகு பார்ப்பம் எண்டு தள்ளிவைக்கிறம் எல்லோ, அதே மாதிரி மூளைக்கு அடியில இருக்கிற ஹைப்போதலமஸ் பிள்ளை பெறுற வேலையைத் தள்ளிவைக்குது. அங்கயிருந்து போற சிக்னல் குறைஞ்சா சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரக்கிறதும் குறையும், ஈஸ்ட்ரஜன் குறைஞ்சா எலும்பு கட்டுறது குறைஞ்சு கரையிறது கூடும். அதால அஞ்சு மாசமா உங்கட எலும்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நட்டத்தில ஓடுது. நிம்மதி எண்டு எழுதினீங்கள், எனக்கு விளங்குது, பள்ளிக்கூடத்தில நிண்டு படிப்பிச்சுக்கொண்டு, கடலில நீந்திக்கொண்டு, அந்த நாட்களைச் சமாளிக்கிறது லேசில்லை. ஆனா அந்த நிம்மதிக்குக் குடுக்கிற விலை எலும்பு.

இதுக்கு வைத்தியத்தில ரெட்ஸ் எண்டு பேர், விளையாட்டில சக்தி காணாமப் போறதால வாற கோளாறுகள் எல்லாத்தையும் சேர்த்து சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல வைச்ச பேர், 2023இல திரும்பவும் திருத்தி வெளியிட்டவை. ஆம்பிளையளுக்கும் வரும், அவைக்குப் பீரியட்ஸ் எண்ட மணி அடிக்காததால கண்டுபிடிக்கப் பிந்தும்.

நீங்கள் ஒரு இடத்தில "பிஎம்ஐ பார்த்தனான், 19, நோர்மல்தானே" எண்டு எழுதியிருக்கிறீங்கள். கணக்கு சரி, முடிவுதான் பிழை. பிஎம்ஐ நிறையையும் உயரத்தையும் மட்டும்தான் பார்க்கும், உள்ளுக்கு வாற சாப்பாடு செலவுக்குக் காணுதோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாது. பிஎம்ஐ 22இல இருக்கிற பிள்ளைகளுக்கும் இந்தப் பிரச்சினை வந்து நான் பார்த்திருக்கிறன். அதால முதல் கேள்விக்குப் பதில், மூண்டு கிலோ குறைக்கவேண்டாம். ஒரு கிலோ கூடக் குறைக்கவேண்டாம். கூட்டத்தான் வேணும்.

இன்னொண்டு, உங்கட சிநேகிதி "ஃபமிலி பிளானிங் குளிசை போட்டா திரும்ப வந்திடும்" எண்டு சொன்னவவாம். அந்தக் குளிசையால மாசம் மாசம் ரத்தம் வரும், ஆனா அது குளிசையை நிப்பாட்டுறதால வாற ரத்தம், உங்கட உடம்பு திரும்ப வேலைசெய்யத் தொடங்கினதுக்கு அடையாளமில்லை, எலும்பையும் அது நம்பிக்கையாக் காப்பாத்தாது. எல்லாம் சரியாகிட்டுதெண்டு நினைச்சு நாங்கள் ஏமாந்துபோவம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வேணுமெண்டா அது வேற கதை, டொக்டரோட கதைச்சு எடுக்கலாம்.

கால் நோவைப் பற்றி

ஒரு விரலால தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில நோவு, ஓடேக்க கூடுது, இப்ப ரெண்டு கிழமையா இரவில படுத்திருக்கேக்கயும் உழையுது. தங்கச்சி, இது எலும்பில நூல் மாதிரி ஒரு வெடிப்பு விழத் தொடங்கினதா இருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எண்டு சொல்லுறது. தசைப்பிடிப்பெண்டா நோவு ஒரு இடத்தில நிக்காம எலும்பு நீளத்துக்கும் பரந்து கிடக்கும், கொஞ்சநேரம் ஓடி உடம்பு சூடாக சிலவேளை குறையவும் செய்யும். உங்கட நோவு அப்பிடியில்லை. ஈஸ்ட்ரஜன் குறைஞ்ச எலும்பில, கிழமைக்கு 45 கிலோமீட்டர் தார் ரோட்டில ஓடினா, வெடிப்பு வராட்டித்தான் அதிசயம்.

எக்ஸ்ரே எடுத்தனான், ஒண்டுமில்லை எண்டிட்டினம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். முதல் ரெண்டு மூண்டு கிழமையில எக்ஸ்ரேயில இது அநேகமாத் தெரியாது. எம்ஆர்ஐயில தெரியும். அது உடன எடுக்க வசதியில்லாட்டியும் பரவாயில்லை, நோவு இப்பிடி இருக்கேக்க வெடிப்பெண்டே எடுத்து நடக்கிறதுதான் பாதுகாப்பு, அதாவது இண்டையில இருந்து ஓட்டம் நிப்பாட்டு. நடக்கேக்க நோகாட்டி வீட்டு வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் செய்யலாம். வழமையா ஆறில இருந்து எட்டுக் கிழமை, எலும்பின்ர முன் விளிம்பில நடுவில விழுந்த வெடிப்பெண்டா அதைவிடக் கனகாலம் எடுக்கும், அது லேசில ஆறாது, அதால எலும்பு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

டைக்ளோபெனாக்கை இண்டைக்கே விடுங்கோ. நோவுதான் எலும்புக்கிருக்கிற வாய், அதைப் பொத்திப்போட்டு ஓடினா சின்ன வெடிப்பு முழு முறிவாகும். வேற மாத்திரையும் தேடவேண்டாம். ரேஸ் அண்டைக்கும் ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் மாதிரி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு இறங்காதேங்கோ, வேர்த்து உடம்பில தண்ணி குறைஞ்சிருக்கேக்க அதுகள் சிறுநீரகத்தை அடிக்கும், வயித்தில ரத்தக்கசிவும் வரலாம், கீழ தண்ணியைப் பற்றிச் சொல்லப்போற ஆபத்தையும் கூட்டும்.

ஓட்டம் இல்லையெண்டா ட்ரெயினிங் முழுக்கப் போச்செண்டு அழவேண்டாம். நீந்தலாம், நோகாட்டி மெதுவா சைக்கிள் ஓடலாம். ஆனா மணித்தியாலத்தைக் கூட்டவேண்டாம், மொத்தமாப் பாதியாக் குறையுங்கோ, ஏனெண்டா நாங்கள் இப்ப மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது சக்தியை.

என்ன சாப்பிடுறது

பெட்டிப் பவுடரும் ஜெல்லும் வாங்கச் சொல்லமாட்டன். இங்க கிடைக்கிறதே காணும், அளவையும் நேரத்தையும் மாத்துவம். விடியப்பறம் வெளிக்கிட முதல் ரெண்டு துண்டுப் பாணும் வாழைப்பழமும், இல்லாட்டி ஒரு கோப்பை சத்துமாக் கஞ்சி. வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள புட்டும் முட்டையும், இல்லாட்டி இடியப்பத்தோட மீன் குழம்பு, பள்ளிக்கூட அவசரமெண்டா டப்பாவில கட்டிக்கொண்டு போங்கோ. இன்டர்வலுக்கு அவிச்ச கடலை, இல்லாட்டிக் கச்சான் ஒரு கைப்பிடி. இரவுச் சோறு திரும்பவும் வரட்டும். எலும்புக்கு எருமைத்தயிர், எள்ளுருண்டை, முள்ளோட சாப்பிடுற நெத்தலி. ராசவள்ளிக் கிழங்குக் காலமெண்டா அதையும் விடாதேங்கோ.

சோத்துக்குப் பின்னால உடன குடிக்கிற பிளேன்டீயை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கோ, தேயிலையில இருக்கிற சாயம் சாப்பாட்டு இரும்பை உடம்புக்குள்ள போகவிடாது, கீரைக்கு மேல ரெண்டு சொட்டுத் தேசிக்காய் விட்டா இரும்பு கூடச் சேரும். அதுக்காக இரும்புக் குளிசையை நீங்களா வாங்கிப் போடவும் வேண்டாம், முதல்ல உடம்பில இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கெண்டு காட்டுற ஃபெரிட்டின் பார்ப்பம், எங்கட நாட்டில தலசீமியா எண்ட பரம்பரை ரத்தக் கோளாறு லேசா இருக்கிற ஆக்களும் இருக்கினம், அவைக்கு ஹீமோகுளோபின் குறைவாத் தெரியும், ஆனா இரும்பு காணாமல்ல.

வெள்ளிக்கிழமை விரதம், கோணேசர் கோயிலுக்குப் போட்டு வந்து ஒருநேரச் சாப்பாடு எண்டு எழுதினீங்கள். அதை விடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், அது உங்கட விசயம். ஆனா வெள்ளிக்கிழமையில நீங்கள் நிலாவெளி வரைக்கும் போய்த் திரும்பி ஓடுறீங்கள் எண்டும் எழுதியிருக்கிறீங்கள், அது ஏலாது. ரெஸ்ட் நாளை வெள்ளிக்கு மாத்துங்கோ, நீளமான ட்ரெயினிங் ஞாயிற்றுக்கிழமை போகட்டும், வியாழன் இரவு நல்லாச் சாப்பிடுங்கோ. உடம்பு சரியாகி ரெண்டு மூண்டு தரம் பீரியட்ஸ் ஒழுங்கா வருமட்டும் பாலும் பழமும் எடுக்கிற விரதமா மாத்தினா இன்னும் நல்லம். நோன்பு பிடிக்கிற தங்கச்சிமாரும் இதை வாசிச்சா அதே கதைதான், அந்த மாசத்தில ட்ரெயினிங் நோன்புக்கு இடம் விடவேணும்.

தண்ணி: கூடக் குடிக்கிறதும் ஆபத்து

"ஒவ்வொரு மணித்தியாலமும் ஒண்டரை லீட்டர் குடிக்கச் சொல்லி குரூப்பில போட்டிருக்கினம்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். தயவுசெய்து செய்யாதேங்கோ. தண்ணி குறைஞ்சா ஆபத்தெண்டு எல்லாருக்கும் தெரியும், கூடினா ரத்தத்தில சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், தலையிடி, சத்தி, மாறாட்டம், வலிப்பு எண்டு வந்து ஆள் போகவும் கூடும். 2002இல பொஸ்டன் மரதன் ஓடின 488 பேரின்ர ரத்தத்தைப் பார்த்ததில 13 வீதமான ஆக்களுக்கு சோடியம் குறைஞ்சிருந்தது, ஓடி முடிக்கேக்க ஓடத் தொடங்கினதைவிட நிறை கூடியிருந்த ஆக்களுக்குத்தான் அது கூட வந்தது. சின்ன உடம்பு, மெதுவா ஓடி நாலஞ்சு மணித்தியாலம் எடுக்கிற ஆக்கள், ஒவ்வொரு தண்ணி மேசையிலயும் நிண்டு குடிக்கிற ஆக்கள், இவைதான் கவனமா இருக்கவேணும். 50 கிலோவில ரேஸுக்கு ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கப்போற நீங்களும் அதுக்குள்ளதான். வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற ஜீவனி உப்புத்தூளைக் கரைச்சுக் குடிச்சா பயமில்லை எண்டு நினைக்கவேண்டாம், அதிலயும் உப்பு ரத்தத்தில இருக்கிறதைவிடக் குறைவுதான், அளவுக்கு மேல குடிச்சா அதுவும் நீர்க்கப்பண்ணும்.

தாகத்துக்குக் குடியுங்கோ. உங்கட அளவு தெரியவேணுமெண்டா, பிறகு ஒருநாள் குச்சவெளி வரைக்கும் போய்த் திரும்புற நீளமான சைக்கிள் நாளில, போகமுதலும் வந்தாப்பிறகும் நிறை பாருங்கோ. ஒரு கிலோ குறைஞ்சிருந்தா பரவாயில்லை. கூடியிருந்தா நீங்கள் கூடக் குடிச்சிருக்கிறீங்கள். நிறை பார்க்கிற தராசை நான் சம்மதிக்கிறது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான்.

தண்ணியைவிட உங்களுக்கு ரேஸில காணாமப் போகப்போறது மாப்பொருள். இப்பிடி நீள ரேஸில மணித்தியாலத்துக்கு 60 கிராம் அளவு வேணும், பழகினா 90 வரைக்கும் வயிறு தாங்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில 25 கிராம் அளவு இருக்கு, மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கோ. வெறும் தண்ணிப் போத்தலோட 90 கிலோமீட்டர் ஓடுறது பட்டினி கிடக்கிறதுதான். இங்க கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எட்டு மணிக்குப் பிறகு ரோட்டில நிக்கவும் வேண்டாம், அந்த வறண்ட சூட்டுக் காத்து வேர்வையை உடன காயப்பண்ணும், எவ்வளவு வேர்க்குதெண்டே தெரியாது. ஆரும் வெயிலில ஓடி மாறாட்டமாக் கதைச்சா, தள்ளாடினா, ஐஸையும் தண்ணியையும் ஊத்தி முதல்ல உடம்பைக் குளிரப்பண்ணுங்கோ, அப்பிடிச் செய்துகொண்டே அம்புலன்சுக்கு 1990 அடியுங்கோ.

அம்மாவும் கடலும்

கடிதத்தில என்னைக் கூடக் கலங்கப்பண்ணினது இந்தப் பகுதி. 2004 மார்கழி 26க்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேல்ல, தன்ர தங்கச்சியை அண்டைக்குக் கடல் கொண்டுபோனது, நான் நீந்தப் போற நாட்களில வாசலில இருந்து எழும்பமாட்டா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவவைச் "சமாளிக்க" வேண்டாம் தங்கச்சி. இந்த ஊரில அந்தப் பயம் அறியாமையில வாறது இல்லை, கண்டதால வாறது. பொய் சொல்லிப்போட்டு மட்டும் போகாதேங்கோ, போறன், இத்தினை மணிக்கு வருவன் எண்டு சொல்லி, சொன்ன மணிக்கு முதல் வந்து நில்லுங்கோ. அதை ஒரு ஆறு மாசம் செய்தா எந்தக் கதையையும்விட அதுக்குத்தான் பலன் இருக்கும். இரவில நித்திரையில்லாம, அலைச்சத்தம் கேட்டாலே நடுங்குறா எண்டும் எழுதியிருக்கிறீங்கள், இருபது வருசம் கடந்தும் அதுக்கு வைத்தியம் இருக்கு, ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பைத்தியம் எண்டு ஆரும் எழுதமாட்டினம்.

அதோட, தனிய நீந்துறீங்கள் எண்டதை அம்மாவைப்போல நானும் ஏற்கமாட்டன். சின்ன வயசில இருந்தே டச்சு பேயில குளிச்சு வளந்த கால் எண்டு எழுதியிருக்கிறீங்கள், குளிக்கிறது வேற, கரையை விட்டு 1.9 கிலோமீட்டர் நிக்காம நீந்துறது வேற. குறைஞ்சது இன்னொரு ஆளாவது கூட வேணும், இடுப்பில கட்டுற ஒரேஞ்சு மிதவை வேணும், கரைக்குச் சமாந்தரமா நீந்துங்கோ, விடியப்பறம் வள்ளங்கள் திரும்பிற நேரத்தையும் பாதையையும் அங்க நிக்கிற மீன்பிடி ஆக்களிட்டக் கேட்டு வைச்சிருங்கோ. சொறிமுட்டை கண்ட நாள் இறங்கவேண்டாம். வாடைக்காத்து தொடங்கினா கடல் உங்கட ரேஸ் திகதியைப் பார்க்காது, விட்டிடுங்கோ.

ட்ரையத்லன் நீச்சலில ஆக்கள் சாகினமாம் எண்டு அம்மா கேள்விப்பட்டது பொய்யில்லை. அமெரிக்காவில 1985இல இருந்து 2016 வரைக்கும் ட்ரையத்லன்களில நடந்த 135 மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் பார்த்ததில 90 நீச்சலிலதான் நடந்தது. ஆனா மொத்தமா லட்சம் பேருக்கு 1.74 எண்ட அளவு, கூடுதலா ஆம்பிளையள், சராசரி வயசு 47 அளவு. அதால நெஞ்சு இறுக்கம், மயக்கம், குடும்பத்தில இளவயசு மாரடைப்பு இருந்தா முதல்ல இதயத்தைப் பார்க்கவேணும். உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்கள், இருந்தாலும் ஒரு ஈசிஜி எடுத்து வைப்பம்.

அப்ப கோவாவுக்குப் போகலாமா?

இண்டைக்கு ஓம் எண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன். மூண்டு மாசம் தாங்கோ. அதுக்குள்ள கால் நோவு முழுக்கப் போய், நிறை கூடி, பீரியட்ஸ் ஒருக்காவாவது தானா வந்தா, நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கி கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம், ஓட்டத்தில பாதியை நடந்து முடிச்சாலும் வழமையா இருக்கிற எட்டரை மணித்தியாலத்துக்குள்ள வர இடமிருக்கு. பீரியட்ஸ் திரும்பி வர மாசக்கணக்கு எடுக்கும், சிலருக்கு ஆறு மாசத்துக்கு மேல, வரேல்ல எண்டு நீங்கள் தோத்ததா அர்த்தமில்லை.

அப்பிடி வராட்டி வழி ரெண்டு. ஒண்டு, பேர் குடுத்ததை அடுத்த வருசத்துக்கு மாத்த ஏலுமோ எண்டு ரேஸ் நடத்திற ஆக்களுக்கு இப்பவே எழுதிக் கேளுங்கோ, அதுக்கு அநேகமா ஒரு கடைசித் திகதி வைச்சிருப்பினம், கட்டின காசுக்காக எலும்பை முறிக்கவேண்டாம். மற்றது, மூண்டு பேர் சேர்ந்து செய்யிற ரிலே, உங்கட குரூப்பில ரெண்டு பேரைப் பிடிச்சு நீங்கள் நீச்சலை மட்டும் எடுங்கோ. எனக்கெண்டா இதுதான் பிடிச்சிருக்கு, அந்த நாளையும் அனுபவிப்பீங்கள், காலும் தப்பும்.

லங்காவியில முழுத்தூரம் அடுத்த வருசம் வேண்டாம். இதில நான் விட்டுக்குடுக்கமாட்டன். ஒரு வருசம் முழுக்க ஒழுங்கா மாதவிடாய் வந்து, எலும்பு அடர்த்தி ஸ்கேன் நல்லா இருந்து, ஒரு பாதித்தூரம் நோவில்லாம முடிச்சாப்பிறகு அதைப் பற்றிக் கதைப்பம். 38 வயசிலயும் 40 வயசிலயும் முதல்முறை முழுத்தூரம் செய்யிற பொம்பிளையள் எத்தினையோ பேர், நீங்கள் பிந்திப்போகேல்ல.

கோச்சிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ. கிழமைக்கு ஒருக்கா எல்லாரும் நிறையை வட்ஸ்அப் குரூப்பில போடவேணும் எண்ட விதிக்கு நீங்கள் கட்டுப்படத் தேவையில்லை, உங்கட நிறை உங்கட வைத்திய விசயம், போடமாட்டன் எண்டு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. நல்ல கோச்செண்டா விளங்கிக்கொள்ளுவார், விளங்காட்டி வேற ஆளிட்டப் பழகுங்கோ. உங்கட வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கோ, கொழும்பில இருந்து போனில "எப்பிடி ட்ரெயினிங்" எண்டு மட்டும் கேக்கிற மனுசனுக்கு அஞ்சு மாசக் கதை தெரியாது எண்டுதான் நினைக்கிறன்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது

பிரெக்னன்சி டெஸ்ட். பிறகு ரத்தத்தில எஃப்பிசி (ரத்த அணுக்கள்), ஃபெரிட்டின், டிஎஸ்எச் (தைரொயிட்டுக்கு), புரோலக்டின், எஃப்எஸ்எச், எஸ்ட்ரடயோல் (ரெண்டும் சூலகம் எப்பிடி வேலைசெய்யுதெண்டு பார்க்க), விட்டமின் டி. இதுகளை எடுத்துக்கொண்டு பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கோ, சோதிக்கிறது ஆம்பிளை டொக்டரெண்டா நேர்ஸ் ஒராளைப் பக்கத்தில நிக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆரும் பிழையா நினைக்கமாட்டினம். எலும்பு அடர்த்தி ஸ்கேனைப் பற்றி அங்க கேளுங்கோ, ஆறு மாசத்தை எட்டப்போகுது, வெடிப்பும் சந்தேகம், எடுக்கக் காரணம் இருக்கு. 35 வயசு தாண்டினதால எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில நடக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கும் ஒருக்காப் போட்டு வாங்கோ, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பார்க்கிற பப் டெஸ்டும் அங்க எடுப்பினம், நீங்கள் இன்னும் எடுக்கேல்ல எண்டுதான் எழுதியிருக்கிறீங்கள். சோதினை முடிவுகள் வந்தா எனக்கும் எழுதுங்கோ.

ஒண்டுக்கு மட்டும் கிளினிக் நாள் வருமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். நோவு தொடை மடிப்புக்குள்ள, இடுப்போட சேர்ந்த இடத்தில வந்தா, ஒரு காலில நிக்கேக்க அங்க குத்தினா, அது தொடை எலும்பின்ர கழுத்தில வெடிப்பா இருக்கலாம், முறிஞ்சு விலகினா ஒப்பரேசன்தான். அண்டைக்கே அந்தக் காலில பாரம் குடுக்காம, ஆரையாவது பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வாங்கோ, சைக்கிளில வரவேண்டாம்.